கண்ணாடி அலமாரிப் பொம்மை

மார்த்தாண்டத்தில் என் மகளைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. வளைகுடாவில் சம்பாதித்த யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிக் கொடுத்த பொம்மைகள் அதில் வரிசையாக நிற்கும். சிலவற்றுக்கு உறைகூடப் பிரிக்கவில்லை. எங்கள் ஊர் வீடுகளில் கல்ஃப் சாமானை ஷோகேஸில் வைத்துப் பூட்டுவது வழக்கம்தான். சீக்குப் பிள்ளைகளிடமுமா அந்தப் பவுசு?

மகளுக்கு ஆறு வயது. காலில் சீழ் கட்டி அறுத்திருந்தார்கள். தினமும் காலையில் கட்டு மாற்ற வேண்டும். மருந்து வண்டி உருளும் சத்தம் கேட்டாலே அலறுவாள். இரண்டு பேர் கையைப் பிடிக்க, ஒருத்தி வாயைப் பொத்துவாள். கால் என் பங்கு.

ஒருநாள் அந்தப் புண்ணியவான் போட்டோ எடுக்க வந்தார். அலமாரி திறந்தது. மகள் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்தார்கள். போட்டோ முடிந்தும் அவள் அதை விடவில்லை. கட்டு மாற்றும் நேரம் வந்ததும் நர்ஸிடம் கொஞ்சம் துணி கேட்டு வாங்கி, முதலில் பொம்மையின் காலுக்குக் கட்டுப் போட்டாள்.

"கொஞ்சம் நோவும் மக்கா, இப்பத் தீந்திரும்."

பிறகு தன் காலைத் தானே நீட்டினாள். அழுதாள்தான். ஆனால் யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலமே பொம்மையைப் பிடுங்கித் துடைத்துப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் பழையபடி அலறல். தலைமை நர்ஸிடம் போய்க் கெஞ்சினேன்.

"பிள்ளைகளுக்க கையில குடுத்தா அழுக்காக்கிரும். நாளைக்கு ஆளு வந்தா காட்டாண்டாமா?"

கடைத்தெருவுக்குப் போய் நானே ஒரு பொம்மை வாங்கி வந்தேன். வெளிச் சாமானால் இன்ஃபெக்ஷன் வரும், வார்டுக்குள் ஏற்றக்கூடாது என்றார் தலைமை நர்ஸ். உள்ளே இருப்பதைத் தொடக்கூடாது, வெளியே இருப்பது வரக்கூடாது. பிள்ளையை நாலு பேர் அமுக்கினால் மட்டும் ஒன்றும் வராதாம். ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

"இஷ்டமில்லன்னா டிஸ்சார்ஜ் வாங்கிட்டுப் போங்க."

புண் ஆறாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? வாயை மூடிக்கொண்டு காலைப் பிடித்தேன். வார்டு வாசலில் அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதில் என் மகள் சிரிக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் பையில் கிடந்த பொம்மையை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்குப் போல ஆறுதல் சொல்வாள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் அதைத் தரையில் மல்லாத்திப் போட்டு, வயிற்றில் முட்டியை ஊன்றி, வாயை இறுக்கிப் பொத்தினாள்.

"ஆடாத, அனங்காத! சத்தம் காட்டாத!"

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, நீ காலப் பிடி."