தானாக அடித்த மேளம்

எங்கள் நகர்ப் பிள்ளையார் கோயிலில் இருந்த மோட்டார் மேளத்தை எலி கடித்துவிட்டது. கடித்தது சாமியின் சொந்த வாகனம் என்பதால் கமிட்டியில் யாரும் வாய் திறக்கவில்லை. மோட்டார் மேளத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓர் இரும்புச் சட்டத்தில் ஒரு முரசு, இரண்டு மணி, ஒரு ஜோடித் தாளம். சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றி எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு அடிக்கும். தீபாராதனையின்போது நாங்கள் எல்லோரும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வோம். அதில் எத்தனை பங்கு பக்தி, எத்தனை பங்கு காதுவலி என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி உள்ளே வந்தால் எங்கள் மனைப்பிரிவு. நான் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துகிறேன். இந்த ஒரு தகுதியால் தெருவில் யார் வீட்டு டிவி கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கமிட்டித் தலைவர் தாசில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, மேளத்தைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். பார்த்தேன். பெல்ட் மட்டுமில்லை, மோட்டாரே போயிருந்தது. பழையதைச் சரிசெய்வதைவிட வேறு வழி இருக்கிறது என்று அங்கேயே வாயை விட்டேன். அந்த வாய் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையும் இல்லை.

வேறு வழி என்பது என் மேஜை டிராயரில் கிடந்தது. சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர். கல்லூரியில் லேப் சாமான் வாங்கித் தரமாட்டார்கள் என்பதால் மாணவர்களுக்குக் காட்ட நானே வாங்கியது. மலிவானது, கீழே விழுந்தாலும் மனசு உடையாது. அதில் ஒலிக்கென்று ஒரு இலவச மென்பொருளை ஏற்றியிருந்தேன். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள் வைக்க வேண்டும். ஒன்று சத்தத்தைப் பிறப்பிக்கும், ஒன்று வடிகட்டும், ஒன்று ஏற்றி இறக்கும். ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்துவிட்டால், வாய்க்கால் வெட்டிவிட்ட மாதிரி சத்தம் அந்த வழியே ஓடும். ஒரு வரி நிரல் எழுத வேண்டியதில்லை. கணக்கைக் கண்டாலே காய்ச்சல் வரும் என் மாணவர்கள்கூட அதில் விதவிதமான அபஸ்வரங்களை உருவாக்கியிருக்கிறார்கள்.

மேளச் சத்தத்தைப் பதிவு செய்து ஓடவிட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. பெட்டிகளை அடுக்கி முரசையும் மணியையும் நானே செய்தேன். சட்டென்று தாழ்ந்து அடங்கும் ஒரு சுருதி முரசானது. ஒன்றோடொன்று சேராத ஆறு சுருதிகளை ஒன்றாக ஒலிக்கவிட்டு மெல்லத் தேயவிட்டால் மணி. இரண்டு வாரம் சமையலறையில் ஸ்பீக்கரை வைத்து அடித்துப் பார்த்ததில் என் கணவர் சாப்பாட்டைத் தட்டோடு மாடிக்கு எடுத்துப் போகப் பழகினார். அந்தச் சின்னக் கம்ப்யூட்டருக்குத் தெம்பு கம்மி. பெட்டிகள் கூடினால் மூச்சு வாங்கும், சத்தத்தில் பொரி பொரிவது போல ஒரு கரகரப்பு வரும். எவ்வளவு குறைத்தும் மூன்றாவது அடியில் மட்டும் அது போகவேயில்லை. விட்டுவிட்டேன்.

கோயிலில் மாட்டிய முதல் நாள் தலைவர் கேட்டுவிட்டு, மேளத்தில் கோபம் பத்தவில்லை என்றார். சத்தத்தைக் கூட்டினேன். கோபம் வந்துவிட்டது என்றார்.

குருக்களின் குறை வேறு. அவர் ஸ்கூட்டரில் நான்கு கோயில் சுற்றுபவர். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம்தான். "மேடம், ஒரு கையில தட்டு, ஒரு கையில மணி. சுவிட்ச எந்தக் கையால போடறது? நான் மணி ஆட்டினா அது ஆரம்பிக்கணும், நிறுத்தினா நிக்கணும். முடியுமா?" என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. ஒரு சின்ன மைக்கைப் பொருத்தினேன். அவருடைய கைமணியின் சுருதியை மட்டும் பிடித்து மற்றதை விட்டுவிடும்படி ஒரு வடிகட்டி வைத்தேன். அவர் ஆட்டும் வேகத்துக்கு மேளமும் ஓடும்படி செய்தேன். இரண்டாம் நாளே அவர் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார். மணியை வேகமாக ஆட்டினால் மேளமும் வேகமெடுக்கும், கூட்டமும் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகரும். ஐந்து நிமிடம் மிச்சமாகிறது என்று எனக்குத் தனியாக நன்றி சொன்னார்.

கரண்ட் திடீரென்று போனால் அந்தக் கம்ப்யூட்டரின் மெமரி கார்டு கெட்டுவிடும். இரண்டு முறை கெட்டது. அதனால் ஒரு பேட்டரியை இணைத்து, "எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டினேன். ஆகவே, காலை பத்து மணிக்குக் குருக்கள் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டுப் போன பிறகும், உள்ளே மைக் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தது. என் தப்பு என்று பின்னால் கமிட்டியில் பேசியது இதைத்தான்.

மே மாதம். பள்ளிகளுக்கு லீவு. எனக்கு மட்டும் விடைத்தாள் திருத்தும் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றரை வாக்கில் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பூட்டிய கம்பிக் கதவு. உள்ளே ஆள் இல்லை. மேளமும் மணியும் அமர்க்களமாக அடித்துக்கொண்டிருந்தன. "விநாயகா, விநாயகா" என்று பெண்கள் குரல். மூன்றாவது அடியில் அந்தக் கரகரப்பு. பெற்ற பிள்ளையின் இருமல் தாய்க்குத் தெரியாதா?

இரண்டாம் முறை பார்த்தபோதுதான் ஓரத்தில் நின்றவரைக் கவனித்தேன். பஞ்சு மிட்டாய்க்காரர். தோளில் ரோஸ் நிறப் பைகள் கட்டிய கழி, கையில் குருக்களுடையதைப் போலவே ஒரு மணி. அற்புதத்தைக் கண்டு அவரும் பரவசமாகிக் கைகூப்பி நிற்கிறார். கூப்பிய கை நடுங்குகிறது. நடுங்கும்போது மணி ஆடுகிறது. மணி ஆட ஆட மேளம் அடிக்கிறது. மேளம் அடிக்க அடிக்க அவர் இன்னும் நடுங்குகிறார். வகுப்பில் பின்னூட்டம் என்ற பாடத்தை எட்டு வருடமாக நடத்துகிறேன். இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஸ்டாஃப் ரூமில் அடக்க முடியாமல் சிரித்தேன். விடைத்தாளில் என்ன எழுதியிருக்கிறான் என்று பக்கத்து மேஜையில் கேட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கோயில் வாசலில் செருப்பு மலை. நான் தலைவரைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார். ஆனால் அவர் கண் பந்தல் போடுகிறவர்கள் மேல் இருந்தது. "நீங்க சொல்றது கரெக்ட்டுதாம்மா. ஆனா இத்தன பேரு சந்தோஷமா இருக்கறப்ப போயி சொல்லணுமா? ரெண்டு நாள் போகட்டும்" என்றார். தாசில்தார் ஆபீசில் மனு வாங்கிவைத்த அதே குரல். என் கணவரும், மனை விலை ஏறும், பேசாமல் இரு என்றார். நானும் பேசாமல் இருந்தேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மலை சுற்ற வந்த ஜனங்கள் ஆட்டோ பிடித்து வந்து என் மேளத்தைக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர், மூன்றாவது அடியில் ஏதோ இருக்கிறது என்று தரையில் உட்கார்ந்து தியானம் செய்தார்.

கூட்டம் இருக்கும் இடத்துக்குப் பஞ்சு மிட்டாய்க்காரர் வராமல் இருப்பாரா? தினமும் பதினொரு மணிக்கு வந்தார். தினமும் பதினொரு மணிக்கு அற்புதம் நடந்தது. பேனர் வைத்தார்கள்.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை, எதிர் வீட்டு அக்கா சுண்டல் கொண்டுவந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் குடும்பம். கணவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. வலது கால் பெருவிரலில் புண் ஆறாமல் கறுத்துப்போய், விரலை எடுத்துவிட வேண்டும் என்று வேலூரில் சொல்லியிருந்தார்கள். எப்போது போகிறீர்கள் என்று விசாரித்தேன். வியாழக்கிழமையே போயிருக்க வேண்டும், போகவில்லை என்றார். ஏன் என்றேன்.

"புள்ளையாரண்ட கேட்டேன். மூணு நாளு விடாம மேளம் அடிச்சா விரல எடுக்க வேணாம்னு அர்த்தம்னு மனசுல வச்சேன். அடிச்சுட்டாரு. வேப்பெண்ணெ போட்டுனு இருக்கேன், ஆறிடும்" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பல மாதமாக அவரை அப்படிப் பார்த்ததில்லை.

சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சின்னக் கம்ப்யூட்டர், மைக், மிட்டாய்க்காரர் மணி, எல்லாம். அவர் கோபப்படவில்லை. படித்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்பது போலப் பொறுமையாகக் கேட்டார். காட்டுகிறேன், வாங்க என்று என் வீட்டுப் பூஜை மணியை எடுத்துக்கொண்டு அவரைக் கோயிலுக்கு இழுத்துப்போனேன்.

கம்பிக் கதவுக்கு முன்னால் நின்று மணியை ஆட்டினேன். மேளத்தில் சத்தமே இல்லை. இன்னும் வேகமாக ஆட்டினேன். உள்ளே பிள்ளையார் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் உறைத்தது: குருக்களின் மணிச் சுருதியை மட்டும் பிடிக்கும்படி நானே வைத்த வடிகட்டி. என் வீட்டு மணி சின்னது, சுருதி வேறு. கத்தரி வெயிலில், ஒரு பொம்பளை பூட்டிய கோயிலுக்கு முன்னால் மணியை உலுக்கிக்கொண்டு நிற்பதைத் தெருவே பார்த்தது.

நல்ல வேளையாகப் பதினொரு மணி ஆனது. மிட்டாய்க்காரர் வந்தார். ஒரு தரம் அடிங்க என்றேன். அடித்தார். மேளம் முழங்கியது. வெற்றியோடு அக்காவைத் திரும்பிப் பார்த்தால், அவர் மிட்டாய்க்காரரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க அடிச்சா கேக்கல. அவரு அடிச்சா கேக்குது. அதுக்கு ஏதோ காரணம் இருக்குமில்ல?" என்று என்னிடம் கேட்டார். காரணம் இருந்தது. அதை வடிகட்டி என்று சொல்லி அவருக்குப் புரியவைக்க என்னால் முடியாது.

குருக்களுக்குப் போன் செய்து கெஞ்சி வரவழைத்தேன். மூன்றாவது கோயிலில் பாதிப் பூஜையை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். கதவைத் திறந்ததும் உள்ளே போய், நானே ஒட்டிய காகிதத்துக்குப் பக்கத்தில் இருந்த பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். மிட்டாய்க்காரரை அடிக்கச் சொன்னேன். மணிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒயரைச் சொருகிவிட்டு, அது விழித்துக்கொள்ளும்வரை ஒரு நிமிடம் எல்லோரும் வெயிலில் காத்திருந்தோம். மறுபடி அடித்தார். மேளம் அடித்தது. மறுபடி பிடுங்கினேன்.

மிட்டாய்க்காரர் தன் மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு என் கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"செவ்வாக்கெழமையே உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லல?"

நான் என்ன சொல்ல? தலைவர் பொறுக்கச் சொன்னார் என்றா? கேட்க நன்றாக இருந்தது என்றா?

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவர்கள் வேலூர் கிளம்பியபோது நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. போளூர் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். ஒரு விரல் என்று சொல்லியிருந்தார்கள். எடுத்தது இரண்டு. தள்ளிப்போன நாட்களால்தானா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடும் என்ற பயம். பாதம் தப்பியது, அது போதும் என்று அவர் கணவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார், படுக்கையில் கிடந்தபடி.

கமிட்டி என்னை விலக்கிவைத்தது. தலைவர் தெருவில் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். புது மோட்டார் மேளம் வந்தது. குருக்கள் மட்டும் அந்த ஐந்து நிமிடத்தை நினைத்து ஏங்கினார். மிட்டாய்க்காரர் எங்கள் தெருப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். ஊரார் முன்னால் தன்னை ஏமாற்றுக்காரர் ஆக்கிவிட்டேன் என்று அவருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கம்ப்யூட்டரைக் கல்லூரிக்கே எடுத்துப்போய்விட்டேன். மாணவர்கள் அதில் இப்போது தவளைச் சத்தம் செய்கிறார்கள்.

அக்கா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை அவர் கணவர் கைத்தடியோடு வாசலுக்கு வந்து, மிக்சி ஓடவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். போனேன். அக்கா அடுப்படியில் நின்றிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. மிக்சியைக் கவிழ்த்து, அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஓடியது. மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

"தோச ஊத்தறேன்" என்றார், தேங்காயைத் துருவிக்கொண்டே. "உக்காருங்க."