பெட்டிக்குள் ஆறு உறவுக்காரர்கள்

எங்கள் அண்ணிக்கு எதைப் பார்த்தாலும் பெயர் வைத்தாக வேண்டும். நாலு அலுவலகங்களில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே பிரிண்டருக்குக்கூடப் பட்டப்பெயர் உண்டு. வீட்டு மாடி அறையில், அண்ணன் எடுத்த கார்ட்டூன் படத்தைச் சேமித்துவைத்த கம்ப்யூட்டர் பெட்டியில் ஆறு ஹார்ட் டிஸ்க். அப்பா, அம்மா, பெரியப்பா, சித்தப்பா, சித்தி, நான் என்று எங்கள் பெயரை ஆளுக்கொன்றாக எழுதி ஒட்டிவைத்திருந்தாள்.

பதினோரு நிமிடப் படம்தான். அதற்கு அண்ணன் மூன்று வருடம் மாடாய் உழைத்திருந்தான். வேறு பிரதி கிடையாது. போட்டிக்கு அனுப்ப அன்று பகல் பன்னிரண்டு மணி கெடு.

ஒரு மாதமாகப் பெட்டி, தன் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தது. அண்ணன் என்கிற இந்த மகானுபாவன், அண்ணி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அன்று காலையில் மனமிரங்கினான். அப்டேட் முடிந்து எழுந்த பெட்டி, உள்ளே இருந்த ஆறு பேரையும் யாரென்றே தெரியாது என்றது. பதறிப்போய் ஆறையும் உருவினான், தூசி தட்டினான், திரும்பச் செருகினான். அதுவும் வயதில் மூத்தவர்கள் முதலில் வரும்படி! மரியாதை தெரிந்த பிள்ளை.

“புதிதாகத் தொடங்கவா?” என்று திரை கேட்ட பிறகுதான் அண்ணிக்குப் போன் போட்டான். சரி என்றால் படம் சுத்தமாக அழிந்துவிடும் என்று சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னாள் அண்ணி. அவள் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தபோது அவன் நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

எந்த டிஸ்க் எந்த இடம் என்பதை அப்டேட் துடைத்துவிட்டிருந்தது. படம் ஆறிலும் துண்டு துண்டாகக் கிடந்தது; பெட்டியும் பழைய மாடல், ஆறும் பழைய இடத்தில் உட்கார்ந்தால்தான் படம் திரும்பும். அந்த வரிசையை எங்கேயும் எழுதிவைக்கவில்லையா என்று கேட்டேன். அண்ணி கதவுப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தாள். கதவோரம் அம்மா நின்றிருந்தாள்.

மணி பதினொன்றரை. அவரவரை எவ்வளவு பிடிக்குமோ அந்த வரிசையில் வைத்ததாக அண்ணி ஒப்புக்கொண்டு, முதலில் சித்தப்பாவைச் செருகினாள். அடுத்து அப்பா. மூன்றாவது அம்மா.

“மூணாவதா? பரவாயில்லையே,” என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சித்தி போனாள், பெரியப்பா போனார். அண்ணியின் கையில் மிச்சம் இருந்தது நான். சுருக்கென்றது; ஒளிப்பானேன்.

டிஸ்குகளில் இருந்த பழைய அமைப்பைப் படிக்கச் சொல்லி அண்ணி ஒரு பட்டனை அமுக்கினாள். ஆறு விளக்கும் பச்சையாயின. திரையில் அண்ணன் வரைந்த பூனை குதித்தது. அவனும் குதித்தான், அழுதான், அண்ணியைத் தூக்கிச் சுற்றினான், அம்மாவையும் தூக்கப் பார்த்து அடி வாங்கினான். பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது படம் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் அண்ணி தயங்கித் தயங்கி என் பக்கம் வந்தாள்.

“இந்தப் பெட்டி வாங்கினப்போ நாம ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல. இப்ப உன்னை மேல மாத்திடட்டுமா?”

“கை வைக்காதீங்க அண்ணி. படம் பத்திரமா இருக்கட்டும், நான் ஆறாவதாவே இருந்துட்டுப் போறேன்.”