என் மனைவி எழுதாத பதினாலு வரி

எண்பதுகளின் பின்பாதியில், நாங்கள் வந்திறங்கிய இந்த நாட்டில், ஏவன்டேல் என்ற புறநகரில் வாடகை மலிவு. நாங்கள் நான்கு ஆண்கள் சேர்ந்து அங்கே ஒரு வீட்டில் இருந்தோம். எல்லோருடைய குடும்பமும் யாழ்ப்பாணத்தில். மனைவிக்கும் பிள்ளைக்கும் விசா கேட்டேன். கலியாணம் உண்மையானது என்று காட்ட, அவள் எழுதிய கடிதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். தாலி கட்டியது போதாதாம்.

பக்கத்திலுள்ள பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு மாஸ்டர் இருந்தார். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர். இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாலும் டை கட்டாமல் வெளியே வரமாட்டார். எங்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் எழுதித் தருவது அவர்தான். கடிதத்தைக் கொடுத்தேன். கூரை ஒழுகுகிறது, ஓடு மாற்ற ஆள் கிடைக்கவில்லை, பிள்ளைக்குச் சளி, அனுப்பிய படத்தில் எலும்பும் தோலுமாக நிற்கிறீர்கள், சமைக்கச் சோம்பலா. இவ்வளவுதான் அதில் இருந்தது.

அவர் டைப் அடித்துத் தந்த தாளில் கூரையும் இல்லை, சளியும் இல்லை. பதினாலு வரியும் காதல். என் அரைகுறை ஆங்கிலத்துக்கே அது அவள் இல்லை என்று விளங்கியது. கேட்டேன். சொனெட் என்ற பதினாலு வரிக் கவிதையாம், ஆங்கிலத்தில் பெயர்பெற்றதாம். ஒரு பெண் தன் காதலனை நினைத்து இரகசியமாக எழுதி, கலியாணத்துக்குப் பிறகுதான் அவனிடம் காட்டினாளாம். அச்சிட்டே ஆகவேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றானாம். சொந்த விஷயம் வெளியே தெரியக் கூச்சம். அதனால் வேறு மொழியிலிருந்து பெயர்த்தது என்று சொல்லிப் புத்தகத்தில் போட்டார்களாம். சொல்லச் சொல்ல மாஸ்டருக்குக் கண் கலங்கியது. என் பிள்ளையின் சளிக்குக் கலங்காத கண்.

"அவவே மொழிபெயர்ப்பு எண்டு பொய் சொல்லித்தானே தம்பி விட்டவ. நாங்கள் சொன்னால் என்ன குறைஞ்சு போச்சு? உம்மட மனிசி எழுதினதில காதல் எங்க கிடக்கு?"

"அவ தான் எழுதினதை ஒளிச்சவ, மாஸ்டர். நீங்கள் ஆரோ ஒருத்தன்ர பெண்சாதி எழுதினதை என்ர மனிசியின்ர தலையில கட்டுறியள்."

இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் அதைப் பாடமாக்குவார்கள் என்றும் அவரே பெருமையடித்தார். அப்படியானால் விசா அதிகாரி முதல் வரியிலேயே பிடித்துவிடுவாரே என்பது அந்தப் படித்த தலைக்குள் ஏறவில்லை. பிடித்தால் விசா அவ்வளவுதான். தாளை ரயில் நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

அகராதியை வைத்துக்கொண்டு நானே பெயர்த்தேன். வரிக்கு வரி பிழை. அதிகாரி நடுத்தர வயதுப் பெண். வாசித்துவிட்டு, இப்போதாவது சமைக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். மனைவிக்கு உன் மேல் கோபம் போலிருக்கிறதே என்றார். ஓடு மாற்றாமல் வந்துவிட்டேன், கோபம் வராதா என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

விசா வந்தது. மனைவியும் பிள்ளையும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மாஸ்டர் நாலு பேரைச் சேர்த்து வைத்து, தன் ஆங்கிலம் வாங்கிக்கொடுத்த விசா என்று சொல்லிக்கொண்டு நின்றார். என் மனைவியைக் கண்டதும் கைகூப்பினார். அவள் யாரென்று கேட்டாள்.

"ஒரு அலட்டல் மனிசன். நீர் நடவும்," என்றேன்.