வலை ஈயமும் என் இடது முழங்காலும்

சாவகச்சேரியில் பாணுக்கு வரிசையில் நின்றபோதுதான் செய்தி வந்தது. எனக்கு இரண்டு ஆள் முன்னால் நின்ற குருநகர்க்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "நீங்கள் பண்டத்தரிப்பு போஸ்ற்மன் எல்லோ? சூசை அண்ணை செத்துப்போட்டார். மூண்டு நாள் காய்ச்சல். விடியக் காலமை முடிஞ்சுது. பின்னேரம் நாலு மணிக்கு எடுக்கினம்" என்றார். நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். பாண் வாங்காமல் வெறுங்கையோடு போனதற்கு மனைவி என்னை ஏசவில்லை.

மருதனார்மடத்தில் சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த அந்தத் தகரக் கொட்டிலுக்கு வந்து போனவர்களுக்குச் சூசை அண்ணையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் குருநகர்க் கடற்றொழிலாளி. கடலுக்குப் போவது தடைப்பட்ட பிறகு, ஷெல்லுக்குப் பயந்து ஊரோடு எழும்பி, மனைவி திரேசம்மாவோடும் சுருட்டிக் கட்டிய வலையோடும் எங்கள் பக்கம் வந்தவர். இளமையில் பாரம் தூக்கிப் பழகியவர். அந்த அறிவை வைத்துக் கொட்டிலில் ஒரு சிறிய உடற்பயிற்சிக் கூடம் நடத்தினார். பெயர்ப்பலகை இல்லை, கரண்டும் இல்லை. கால் கதிரை என்று நாங்கள் சொன்ன ஒரு சாதனம் இருந்தது.

பழைய பஸ் இருக்கை ஒன்று. அதன் முன்னால் சைக்கிள் அச்சில் ஆடும் ஓர் இரும்புச் சட்டம். சட்டத்தின் நுனியில் றப்பர் சுற்றிய உருளை. இருந்தபடி கணுக்காலுக்குச் சற்று மேலே உருளையை வைத்து, சட்டத்தில் பாரத்தைக் கொழுவி, காலை நீட்டி உயர்த்த வேண்டும். ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தில் படம் பார்த்துத் தானே செய்தது. தொடைத் தசையைப் பலப்படுத்த அதைவிடச் சுலபமான வழியில்லை என்பார். முழங்காலைப் பழுதாக்கவும் அதைவிடச் சுலபமான வழியில்லை என்பார். வாலிபத்தில் வீறாப்புக்குப் பாரத்தைக் கூட்டி உதறி உதறித் தூக்கித் தன் வலது முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர் அவர். படி ஏறும்போது அந்த முழங்கால் நெரிபடும் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். "என்ரை முழங்கால்தான் என்ரை பள்ளிக்கூடம்" என்று அதைத் தட்டிச் சொல்வார்.

நான் அங்கே போனதற்குக் காரணம் என் இடது முழங்கால். கடிதப் பையோடு மதகடியில் சைக்கிளால் விழுந்து இரண்டு மாதம் படுத்தேன். எலும்பு முறியவில்லை, ஆனால் தொடை சூம்பிவிட்டது. தசையைத் தேற்றாவிட்டால் இனிச் சைக்கிள் மிதிக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சைக்கிள் மிதிக்க முடியாத தபால்காரனை யார் வைத்திருப்பார்கள்? அதைவிட, பாதை பூட்டிய பிறகு கப்பலில் எப்போதாவது வந்து சேரும் கடிதங்களுக்காக என் பகுதியில் எத்தனை தாய்மார் வாசல் படலையடியில் நின்றார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் போனேன். பயத்தை வெளியே காட்டாமல், "நல்ல பாரமாய்ப் போடுங்கோ அண்ணை" என்றேன்.

"நீங்களெல்லோ அண்ணை. இருங்கோ பாப்பம்" என்றார்.

இந்த அண்ணைச் சண்டை கடைசி வரை தீரவில்லை. அவருக்கு நரை அதிகம், எனக்கு வழுக்கை அதிகம். ஆளுக்கு ஆள் மற்றவனை அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டு காலம் போய்விட்டது. வயதைக் கேட்கலாமே என்று இருவருக்கும் தோன்றவில்லை.

அன்று அவர் ஒரு பாரமும் போடவில்லை. என் முழங்காலின் பக்கவாட்டில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். பிறகு என் முதுகுக்குப் பின்னால் சாக்கை மடித்து மடித்து வைத்து, அந்தப் புள்ளியும் சட்டத்தின் அச்சும் ஒரே நேரில் வரும் வரை என்னை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "தைக்க அளவெடுக்கிறியளோ?" என்றேன்.

"கதவும் பிணைச்சலும் ஒரு நேரிலை நிக்காட்டில் என்ன நடக்கும்? பிணைச்சல் தேயும். உங்கடை மூட்டுக்கும் உதுதான். முதுகைச் சாய்ச்சு இருங்கோ. மூச்சை அடக்காதேங்கோ. உதறாமல் மெல்ல நீட்டுங்கோ. காலை நல்லாய் உள்ளுக்கு மடிச்சுத் துவங்கவும் வேண்டாம்."

"பாரம்?"

"கால் பாரமில்லையோ? முதல் அதைத் தூக்குங்கோ."

தூக்கினேன். பத்தாவது தரம் தொடை நடுங்கியது.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவர் கொட்டிலின் மூலைக்குப் போய், சுருட்டி வைத்திருந்த தன் வலையைப் பிரித்து, கத்தியால் அதன் அடிக்கயிற்றில் இருந்து ஓர் ஈயத்தை வெட்டி எடுத்தார். வலையை நீருக்குள் தாழ்த்தி வைக்கும் ஈயம் அது. உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் நல்ல கனம். கோதுமை மாப்பைத் துணியில் தைத்த சிறு உறைக்குள் போட்டுச் சட்டத்தில் கொழுவினார்.

"உங்கடை வலையெல்லோ அண்ணை?"

"கடலுக்கே போக ஏலாமல் கிடக்கு. சும்மா கிடக்கிற வலைக்கு ஈயம் என்னத்துக்கு? நீங்கள் வைச்சிருங்கோ. திரும்ப வலை இறங்கேக்கை கொண்டுவந்து தாங்கோ, கோத்துக்கொள்ளுறன்."

அதுதான் அவர் முறை. ஒவ்வொருவருக்கும் ஓர் உறை. உறை கூடக்கூட வலை இளகிக்கொண்டு போனது. ஆனால் கேட்டதும் வெட்டித் தந்துவிட மாட்டார். "இண்டைக்கு நோகாதது பெரிசில்லை. நாளைக்குக் காலமை படி இறங்கேக்கை முழங்கால் என்ன சொல்லுதெண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ" என்பார். வீக்கமும் இல்லை, நோவும் இல்லை என்று சொன்னால்தான் கத்தியை எடுப்பார். பொய் சொன்னவர்களை நடையில் பிடித்துவிடுவார்.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். காலை உயர்த்துவதைவிட இறக்குவதில்தான் கவனம் வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். பொத்தென்று விட்டால் முழங்கால் சிரட்டை அடிபடும். அதற்கு அவரிடம் ஓர் அளவு இருந்தது. குருநகர் ஆட்கள் காலை இறக்கும்போது அருள்நிறை மந்திரம் என்கிற மாதா செபம் ஒன்றைச் சொல்லி முடிக்க வேண்டும். மணிக்கூட்டுக்குப் பற்றறி இல்லாத காலம் அது, ஆனால் செபம் எல்லோருக்கும் பாடம். எனக்கு அது தெரியாது என்றேன். "அப்ப உங்கடையைச் சொல்லுங்கோ. உங்கடை மந்திரம் நீளமில்லை, கட்டை. மூண்டு தரம் சொன்னால்தான் சரிவரும்" என்றார். நான் நமசிவாய சொன்னேன்.

ஒருநாள் மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னைக் கதிரையில் இருத்திவிட்டு அவர் ஓடிவிட்டார். எத்தனை தரம் என்று சொல்லவில்லை. பத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பஞ்சாட்சரத்தைத் தொடங்கிவிட்டேன். சின்ன வயதிலிருந்து அதை நூற்றெட்டுக்குக் குறைய நான் சொல்லி எழும்பியதில்லை. பத்தில் விட்டுவிட்டு எழும்ப மனம் கேட்கவில்லை. குறையாய் விட்ட பாவம் எனக்கேன் என்று தோன்றியது. வாயும் பழக்கத்துக்கு ஓடத் தொடங்கிவிட்டது. வாய் ஓட, காலும் அதோடு சேர்ந்து ஓடியது. நூற்றெட்டையும் முடித்துக் கும்பிட்டுவிட்டு எழும்பினேன். எழும்பிய இடத்திலேயே திரும்ப இருந்தேன். அடுத்த நாள் முழங்கால் பனங்காய் அளவில் வீங்கிவிட்டது.

எங்கள் தபாலதிபர் அம்மா நல்லவர்தான். ஆனால், "இன்னும் ஒரு கிழமை பாக்கிறன் தம்பி. பிறகு நான் மேலிடத்துக்கு எழுதத்தான் வேணும்" என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். வேலை போகப்போகிறது என்று நினைத்து நான் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். மனைவி மருதனார்மடத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள், எனக்குத் தெரியாது. அன்று பின்னேரமே சூசை அண்ணை வந்தார். முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். நான் நூற்றெட்டுக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பிழை என்ரை. எத்தினை எண்டு சொல்லாமல் போனது நான்தானே" என்றார். பிறகு, "நாளைக்கு எத்தினை மணிக்குக் கடிதம் பிரிக்கிறவை?" என்று கேட்டார்.

அடுத்த நாள் விடிய மருதனார்மடத்திலிருந்து மிதித்து வந்து என்னைத் தன் சைக்கிளின் பின் கரியரில் ஏற்றினார். காலை நீட்டி வைக்க ஒரு பலகைத் துண்டைக் கட்டிக்கொண்டே வந்திருந்தார். ஒன்பது நாள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் பெயரைக் கூப்பிட, அவர் படலைக்குப் படலை நிறுத்தினார். ஊர் பார்த்துச் சிரித்தது. "போஸ்ற்மனுக்கு இப்ப டிறைவரும் வைச்சுக் குடுத்திருக்கினமோ?" என்று ஒரு கிழவர் கேட்டார். சூசை அண்ணை இறங்கி நின்று, "ஓமய்யா, கடலிலை வேலையில்லை. அதுதான் தரையிலை ஓடுறன்" என்றார். ஏற்றத்தில் அவருடைய பழுதான வலது முழங்கால் நெரிபடும் சத்தம் பின்னால் இருந்த எனக்குக் கேட்கும். இறங்குகிறேன் என்று சொல்லுவேன். "உந்தக் கடிதத்தைப் பாத்துக்கொண்டு ஒரு மனுசி நிக்குது. பேசாமல் இருங்கோ" என்பார். என் வேலை போகவில்லை. அதைக் காப்பாற்றியது அவருடைய முழங்கால். நன்றி என்று ஒரு சொல்லை நான் அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

வீக்கம் வற்றியதும் பழையபடி வெறுங்காலில் தொடங்க வைத்தார். பத்துத் தரம், கொஞ்சம் இளைப்பாறல், பிறகு பத்து. ஒவ்வொன்றாக ஏழு ஈயம் வரை வந்தேன்.

இந்த ஐப்பசிக் கடைசியில், சண்டை நெருங்கி வர, ஊர்களை விட்டு எல்லோரும் ஒரே நாளில் வெளிக்கிட்டோம். அதை நான் விவரிக்கப் போவதில்லை, வாசிக்கிற நீங்களும் அந்த வீதியில் நின்றவர்கள்தான். நடக்க முடியாத மாமியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, கைபிடியில் அரிசிப் பையைத் தொங்கவிட்டு, மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டித் தள்ளிக்கொண்டு வந்தேன். என் தபால் பைக்குள் அந்த ஏழு ஈயமும் இருந்தன. "அரிசியைக் குறைச்சுப்போட்டு ஆராவது ஈயத்தைக் காவுவினமோ?" என்று மனைவி கத்தினாள். அது திருப்பிக் கொடுக்க வேண்டிய சாமான் என்றேன். வழி நெடுக இடது முழங்கால் ஒருதரமும் தளரவில்லை.

போன மாதம் சந்தையடியில் சூசை அண்ணையைக் கண்டேன். மெலிந்து போயிருந்தார். கதிரை போய்விட்டது, வலையில் கொண்டுவரக் கூடியதை மட்டும் வெட்டிச் சுற்றிக்கொண்டு வந்தேன் என்றார். எங்கே தங்கியிருக்கிறாய், சாப்பிட்டாயா என்று எல்லோரும் எல்லோரையும் கேட்ட நேரம். அவர் என்னிடம் முதலில் கேட்டது, "முழங்கால் தாங்கிச்சோ?" என்பதுதான்.

"தாங்கிச்சுது அண்ணை."

"வீங்கேல்லையே? காலமை நோகேல்லையே?"

"இல்லை."

"அப்ப பாரம் கூட்டலாம்" என்றார். ஏதோ பழக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அடக்கத்தன்று வேதக் கோயிலில் எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். நானும் நின்றேன். விழுந்த நாளுக்குப் பிறகு நான் முழங்காலில் நின்றது அதுதான் முதல் தரம். எழும்பும்போது கையை ஊன்றவில்லை. அவர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கல்லறைச் சிலுவையில் அவர் பிறந்த ஆண்டை எழுதியிருந்தார்கள். கணக்குப் பார்த்தேன். என்னைவிட இரண்டு வயது குறைவு. இத்தனை நாளும் நான் அண்ணை என்று கூப்பிட்டது என் தம்பியை. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு ஏழு ஈயத்தையும் திரேசம்மாவிடம் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. உள்ளே போய் ஒரு சிறு உறையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"காய்ச்சல் துவங்கின அண்டைக்கு வலையிலை இருந்து வெட்டினவர். போஸ்ற்மன் அண்ணைக்கு இனி இது ரெண்டும் போடலாமெண்டு சொன்னவர். வலை இறங்கேக்கை எல்லாத்தையும் சேத்துத் தாங்கோ."

நாங்கள் தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்தில் உயரமான வாங்குப் பலகை ஒன்று இருக்கிறது. அதில் முதுகைச் சுவரோடு சாய்த்து இருந்து, கணுக்காலுக்கு மேலே உறையைக் கட்டிக்கொண்டு காலை நீட்டுகிறேன். இறக்கும்போது அருள்நிறை மந்திரம் சொல்கிறேன். திரேசம்மாவிடம் கேட்டுப் பாடமாக்கினேன். அது நீளம், கால் மெல்லத்தான் கீழே வருகிறது. பத்தில் நிறுத்தி விடுகிறேன். நேற்று எட்டாவது ஈயத்தைப் போட்டேன். இன்று காலை படி இறங்கிப் பார்த்தேன், முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதாவது இன்னும் பையில் இருக்கிறது. வலை கடலில் இறங்கும் நாளில் ஒன்பதையும் குருநகருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன், நடந்து போய்.