பவுடரில் விழுந்த கோடு

கம்பஸ் விடுமுறையில் ஊருக்கு வந்த இரண்டாம் நாளே எனக்கு வீடு அலுத்துவிட்டது. மூன்றாம் நாள் விடிய வாவிக்கரைக்குப் போனால், அக்கா படகுக்குள் குனிந்து வாளியால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"எத்தினை நாளா அக்கா?"

"மெல்லக் கதை. அத்தானுக்குச் சொல்லிப்போடாத, புள்ள."

அத்தான் கட்டாரில் இருந்தார். போன லீவில் வந்தபோது பாசிக்குடாப் பக்கம் ஒரு விடுதிக்காரர் விற்ற படகை வாங்கி, மண்டூரில் எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால் கட்டிவிட்டுப் போயிருந்தார். அடுத்த மாதம் வருகிறார். படகு ஓடினால் பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஊரிலேயே இருந்துவிடுவார். ஓடாவிட்டால் மறுபடி விசா. கல்யாணமான நாளிலிருந்து அக்காவின் வீட்டில் அவர் இருந்ததைவிட, போனில் அவர் குரல் இருந்ததுதான் அதிகம். அதனால் "போட் எப்பிடி?" என்று அவர் கேட்கும் ஒவ்வொரு முறையும் அக்கா, "அது நல்லா இரிக்கி" என்றே சொல்லிவந்தாள்.

எங்கள் வாவியில் ஓடும் மற்றப் படகுகளைப் போன்றதல்ல அது. மற்றவற்றில் எஞ்சின் முழுவதும் வெளியே, பின்பக்கத்தைக் கவ்விக்கொண்டு நிற்கும். இதில் எஞ்சின் படகுக்குள்ளே இருக்கிறது. விசிறி பூட்டிய அதன் கால் மட்டும் பின்பலகையைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்குகிறது. உள்ளேயிருந்து காலுக்குப் போகும் தண்டைச் சுற்றி, தண்ணீர் உள்ளே வராதபடி, ஆர்மோனியத் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக ஒரு றப்பர் உறை. இவ்வளவும் இரண்டு வீடியோ பார்த்து முடிக்குமுன் எனக்குப் பிடிபட்டுவிட்டது. நோயும் பிடிபட்டுவிட்டதாகத்தான் நினைத்தேன்.

முதலில் எஞ்சினைக் குளிர்விக்கும் குழாய்களைச் சந்தேகித்தேன். எல்லாக் கிளிப்பையும் முறுக்கினேன். மறுநாள் காலை அதே தண்ணீர். பிறகு பின்பலகை ஓரத்தைச் சந்தேகித்து, சுரண்டிப் பசை பூசினேன். மறுநாளும் அதே தண்ணீர். பகல் முழுவதும் பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்தால் ஒரு சொட்டும் இல்லை.

"பேய் வந்து ஊத்துதாக்கும்," என்றேன்.

"இன்னொரு வருசம் படிச்சா பேயையும் முறுக்கிப்போடுவாய்," என்றாள் அக்கா.

தண்ணீர் எங்கே வருகிறது என்று தெரியாவிட்டால், அது வருகிற வழியை அதையே எழுத வைக்கவேண்டும். எஞ்சினுக்கு அடியில் பழைய சாரத் துணியால் ஒட்டத் துடைத்தேன். காய்ந்ததும், அக்காவின் முகப் பவுடரை எடுத்து வந்து வெள்ளையாகத் தூவினேன்.

"என்னகா இது? போட்டைப் பொண்ணு பாக்க வாறாங்களா?"

"ஓம். மாப்பிள்ளை கட்டாரில."

அவள் வாளியைத் தூக்கி என்மேல் எறியப் பார்த்தாள்.

பொழுது சாயும்வரை பவுடர் பவுடராகவே கிடந்தது. நான் எழும்பப் போகையில் அக்கா வந்து, வழக்கம்போல எஞ்சின் காலைத் தூக்கும் பொத்தானை அழுத்தினாள். ஒவ்வொரு நாளும் விடிய அந்தக் காலை இறக்கி எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிடுவாள். மாலையில் தூக்கிவிடுவாள். இங்கே எல்லாரும் செய்வதுதான். வாவி ஆழமில்லாதது. தூக்காமல் விட்டால் சேறு பிடிக்கும், பாசி சுற்றும். அத்தானும் போகும்போது அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். மழைக்குள்ளும் அவள் குடையோடு வந்து தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

கால் முனகிக்கொண்டு உயர்ந்தது. நான் டோர்ச் அடித்தேன். பவுடரின் நடுவே நூல் மாதிரி ஒரு கோடு இருண்டு, மெல்ல என் பக்கம் நீண்டது.

"இறக்கு, அக்கா!"

இறக்கினாள். கோடு நின்றது. தூக்கச் சொன்னேன். மறுபடி நீண்டது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்தத்தான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் டோர்ச்சைத் தாழ்த்தினேன். கால் உயரும்போது றப்பரின் மேல்மடிப்பு நசுங்கி, கீழ்மடிப்பு இழுபடுகிறது. இரவு இரவாக இழுபட்டு அங்கே வெடித்துவிட்டது. இதை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"நான்தானா புள்ள?" என்றாள். "அவர் வாறதுக்கிடையில பழுதாப் போயிருமெண்டுதானே தூக்கினன்."

பவுடர்க் கையோடு அவள் தோளைப் பிடித்தேன். சட்டையில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தன.

"வாவியில ஆரைக் கேட்டாலும் தூக்கத்தான் சொல்லுவாங்க, அக்கா. இந்த ஒரு போட்டுக்குத்தான் கால் கீழ கிடக்கணும். அது அத்தானுக்கே தெரியா."

"அப்ப அவருக்குச் சொல்லுவம்," என்றாள். அவளே போனை எடுத்தாள்.

தண்ணீர் வந்த கதை முழுவதையும் சொன்னாள். பிறகு அத்தானின் குரல்: "நான் சொல்லித்தந்ததைத்தானே நீ செஞ்ச. றப்பரை நான் இங்கயிருந்து கொண்டுவாறன். நீங்க ரெண்டு பேரும் கழட்டி வைங்க."

தென்னங்குற்றிகளை உருட்டிப் படகைக் கரையேற்றினோம். பூவரசங்கிளையில் சங்கிலி போட்டுக் காலைத் தாங்கவைத்து, நான் நட்டுகளைக் கழற்ற, அக்கா அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பழைய உறையின் அடிமடிப்பில் நகமளவு வெடிப்பு. தண்டு சுழலும் பெயரிங்கில் துரு. விரலால் சுற்றினால் மணல் அரைவதுபோலக் கரகரத்தது. அந்த பெயரிங்கின் படத்தையும் அத்தானுக்கு அனுப்பினோம்.

அவர் வந்த மறுநாளே புது பெயரிங்கை இறுக்கி, றப்பர் உட்காரும் விளிம்பைப் பளபளக்கத் தேய்த்து, பசை வைத்து, கிளிப்பை முறுக்கினோம். படகை இறக்கி, மறுபடி பவுடர் தூவி, ஓர் இரவு விட்டோம். விடிய மூவரும் போய்ப் பார்த்தோம். தூவினபடியே கிடந்தது.

முதல் பயணம் ஓடி வந்த மாலை, அத்தானின் கை தன்பாட்டில் பொத்தானுக்குப் போனது.

"கையை எடுங்க," என்றாள் அக்கா. "மறுகா ஆரு தண்ணி அள்ளுறது?"

அவர் எடுத்துவிட்டார். கட்டாரிலிருந்து வந்த பெரிய சூட்கேசில் இப்போது உயிர்காப்பு அங்கிகள் இருக்கின்றன. பவுடர் டின் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அக்கா தனக்கு வேறு வாங்கிக்கொண்டாள்.