கயிற்றில் ஒரு கை

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஜானகி அக்காவின் தங்கை மண்டபத்தில் வாழ்க்கைப்பட்டவள். இலங்கையிலிருந்து படகில் வருகிறவர்களுக்கு முதல் சோறு போடுவது அந்தக் கரைதான். போன மாதம் தங்கை ஃபோன் செய்தாள். அகதி முகாமில் இருக்கும் மரியசீலியின் மகளுக்கு ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சிகிச்சை, தங்க இடமில்லை.

"நம்ம வூட்ல எங்க படுக்க வைப்ப?" என்றார் கணவர் டில்லிபாபு.

"உன்ன வாசல்ல. அங்க வர்றவங்கள எல்லாம் தங்கச்சியே பாத்துக்கினு கீறா. நமக்கும் கரை கீதுல்ல?"

டில்லிபாபு பாயைச் சுருட்டி வாசலுக்குக் கொண்டுபோனார்.

வந்த ஒரு வாரத்திலேயே மரியசீலி பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொள்ளத் தொடங்கினாள். "எங்களால உங்களுக்கு ஏன் அக்கா கரைச்சல்? நாங்கள் முகாமுக்கே போறம்." குழந்தையின் சிகிச்சையோ இன்னும் பாதிதான் முடிந்திருந்தது.

ஜானகி அக்கா சமாதானம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், பலர் சேர்ந்து இழுக்கும் கரைவலையின் கயிற்றைக் கையில் கொடுத்தார்.

"நல்லா புடிச்சி இழு."

கயிறு பிடித்தவர் யாரானாலும் கறிக்கு மீன் உண்டு என்பது குப்பத்து வழக்கம். மரியசீலி மன்னார்க் கரையில் வளர்ந்தவள். குதிகாலை மணலில் ஊன்றி இழுத்தாள். வலை ஏறியதும் அவள் பாத்திரத்திலும் மீன் விழுந்தது.

அன்று அவளே தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தாள். மகளுக்கு ஊட்டிவிட்டு, தானும் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

"காரமே இல்லியே," என்றார் டில்லிபாபு.

"அவ மீனு, அவ கொழம்பு. கம்முனு துன்னு," என்றார் ஜானகி அக்கா.