ஒரு பேணி கறித்தூளுக்கு உடையவர் தேவை

1. காட்டாதே, கேள்

வால்தம்ஸ்டோ பக்கத்தில் ஒரு பஸ் கராஜ். பஸ்ஸில் தொலைந்த சாமான்களை உரியவரிடம் கொடுக்கும் அதன் லொஸ்ட் புரொப்பட்டி கவுண்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரே தோல் ஜாக்கெட்டைக் கேட்டு மூன்று ஆண்கள் வந்தார்கள். மூன்று பேரும் அது தங்களுடையதுதான் என்று அடித்துச் சொன்னார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. எனக்கு வேலை பழக்கிய குளோறியா என்னைவிட வயதில் இளையவள். ஆனால் கவுண்டரில் அவள் ராணி. ஜாக்கெட்டை வெளியே எடுக்காமலே, "பொக்கெற்றுக்குள் என்ன இருந்தது?" என்று கேட்டாள். ஒருவர் பேர்ஸ் என்றார். ஒருவர் வீட்டுக் கதவுத் திறப்பு என்றார். மூன்றாமவர் வெட்கப்பட்டுக்கொண்டு, "ரிஷ்யூப் பேப்பரில் சுற்றின பாதி அவித்த முட்டை" என்றார். ஜாக்கெட் முட்டைக்காரருக்குப் போனது.

எங்கள் தொழிலில் பாதி அவ்வளவுதான். பொருளைக் காட்டாதே, கேள். சொந்தக்காரருக்கு மட்டும் தெரிந்த ஒன்று எப்போதும் இருக்கும். அதை அவர் வாயால் சொல்லும்வரை உன் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள். மன்னாரில் பிறந்து, வாய் ஓயாத குடும்பத்தில் வளர்ந்த எனக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

2. ஆமையும் மற்றவையும்

லண்டன்காரர் பஸ்ஸில் எதைத்தான் விட்டுப் போகமாட்டார்கள்? ஊன்றுகோலோடு ஏறியவர் அதை விட்டுவிட்டு இறங்கியிருப்பார். எப்படி நடந்து போனார் என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். கலியாணக் கேக்கின் மேல்தட்டு மட்டும் வரும். ஒருமுறை சப்பாத்துப் பெட்டிக்குள் உயிருள்ள ஆமை ஒன்று வந்தது. தாயோடு ஓடிவந்த சிறுமி அதைக் கையில் வாங்கி, "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டு அதன் ஓட்டில் கொஞ்சினாள். ஆமை தலையை வெளியே நீட்டவே இல்லை. அதற்கும் ரோசம் இருக்கும்தானே.

இப்படியானவற்றை உரியவரிடம் கொடுத்த பிறகு, ஆட்களின் பெயர் போடாமல், எங்கள் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் எழுதுவேன். அது கனடாவுக்கும் பிரான்சுக்கும் போய்த் திரும்ப எனக்கே வந்துசேரும். ஊர்ச் சண்டையும் போலி வைத்தியமும் ஓடும் அந்தக் குறூப்பில் ஆமைக் கதைக்குத்தான் மவுசு அதிகம். "றீற்றா அன்ரி, இண்டைக்கு என்ன அம்பிட்டது?" என்று பிள்ளைகள் கேட்கும்போது எனக்குச் சம்பளம் கூடின மாதிரி இருக்கும்.

3. பேணி

ஒரு திங்கட்கிழமை காலை. முதல் நாள் பஸ்களில் கிடைத்தவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவற்றுக்குள் ஒரு பால்மாத் தகரப் பேணி. மூடிக்கு மேலே பொலித்தீன் போட்டுச் சிவப்பு இலாஸ்ரிக் இறுக்கியிருந்தது. திறக்காமலே தெரிந்தது: வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துக் கறித்தூள். வாசம் மூக்கில் ஏறியதும் மூன்றாவது மேசையில் இருந்த மனேஜர் டெரிக் தும்மினார்.

"றீற்றா, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் குப்பைக்குள்ளே. சட்டம் தெரியும்தானே?"

தெரியும். ஆனால் யாரோ ஒருத்தி ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து, பக்கத்து வீட்டுக்காரரின் முறைப்பையும் வாங்கிக்கொண்டு வறுத்த தூள் அது. மனமில்லாமல்தான் குப்பைப் பையின் மேல் பேணியைக் கவிழ்த்தேன். தூள் கொட்டியது. அதன் பின்னால், சிவந்த புழுதியோடு, தடித்த தாலிக்கொடி ஒன்று சரிந்து விழுந்தது.

நான் போட்ட சத்தத்தில் டெரிக் எழுந்து ஓடிவந்தார். "பித்தளையா?" என்றார்.

"பொன். இது நகை மட்டுமில்லை டெரிக். ஒரு மனுசியின் கலியாணம்" என்றேன்.

கொடியில் கோத்திருந்தது பிள்ளையார் தாலி. நான் கத்தோலிக்கச்சி, என்னுடையதில் புறா இருக்கிறது. ஆகவே இது ஒரு சைவக் குடும்பத்துப் பெண்ணுடையது என்று கண்டவுடனே விளங்கியது. கொடியில் இரண்டு சேப்டி பின்னும் தொங்கின. எங்கள் பெண்களுக்குத் தாலிக்கொடிதான் பின் மாட்டும் ஆணி. அதில் சைவமென்ன, கத்தோலிக்கமென்ன.

கறித்தூளுக்குள் பொன் எப்படிப் போனது என்று டெரிக் கேட்டார். வீடு உடைப்பவர்கள் எங்கள் சனத்தின் நகையைத் தேடி வருகிறார்கள் என்ற பயத்தில், வெளியே மெல்லிய சங்கிலியைப் போட்டுக்கொண்டு கொடியை ஒளித்துவைப்பார்கள். ஒருத்தி அரிசிக்குள் வைப்பாள். என் மச்சாள் ஒருத்தி மீன் பொதியோடு ஃப்றீசரில் வைத்திருக்கிறாள். வைத்த இடத்தை வீட்டில் ஒருவருக்கும் சொல்லமாட்டார்கள். கள்ளனுக்கும் தெரியாது, கட்டினவனுக்கும் தெரியாது.

டெரிக் கொடியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். "அடுத்த திங்கள்வரைதான் இங்கே. பிறகு லண்டன் முழுவதற்குமான பெரிய ஸ்ரோருக்குப் போய்விடும்" என்றார்.

அது தொலைந்தது பஸ்ஸில் என்று அந்த மனுசிக்குத் தெரிந்திருந்தால் இதற்குள் கவுண்டருக்கு முன்னால் நின்று குழறியிருப்பாள். தெரியாதபடியால்தான் வரவில்லை. தெரியாதவள் பெரிய ஸ்ரோரிலும் தேடப்போவதில்லை.

4. உலகம் சிரித்தது

பொன்னைப் படம் போட்டால் பாதி லண்டன் கவுண்டருக்கு வந்துவிடும். ஆகவே பேணியை மட்டும் படம் எடுத்தேன். டெரிக் கையை விரித்தார்: "கறித்தூளைத் தேடி யார் வரப்போகிறார்கள்? உன் ஆசை, போடு."

'பஸ்ஸில் ஒரு பேணி கறித்தூள் கண்டெடுக்கப்பட்டது. வீட்டில் வறுத்து இடித்தது. உடையவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்' என்று எழுதி, கராஜின் பெயரையும் போட்டு, எல்லாக் குறூப்பிலும் தட்டிவிட்டேன்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "என்ர மனுசனையும் பஸ்ஸில துலைச்சிட்டன், கிடைச்சா நீங்களே வைச்சிருங்கோ" என்று ஒருத்தி எழுதினாள். "தூளோட ஆட்டிறைச்சியும் தருவியளோ?" என்றார் ஒருவர். ஹரோவில் இருந்து ஒரு பெண் ஃபோன் எடுத்து, பேணி தன்னுடையது என்றாள்.

"உள்ளுக்க என்ன இருந்தது, பிள்ளை?"

"கறித்தூள்."

"வேற?"

"கறிவேப்பிலையும் போட்டு வறுத்தது."

"உங்கட பேணி உங்கட வீட்டிலதான் இருக்கும், தேடிப் பாருங்கோ" என்று வைத்துவிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சிரிப்புத்தான் கால் முளைத்து ஓடும்.

5. வந்தவள் உடையவள் இல்லை

வியாழக்கிழமை பின்னேரம் ஒரு பெட்டை வந்து கவுண்டரில் நின்றாள். முதுகில் புத்தகப்பை. கண் இரண்டும் வீங்கியிருந்தன. யாழ்ப்பாணத்தில் இருந்து படிக்க வந்தவள், பெயர் கீர்த்திகா. மனோர் பார்க்கில் ஒரு தமிழ் வீட்டின் மேல் அறையில் வாடகைக்கு இருப்பதாகச் சொன்னாள். சிநேகிதி ஒருத்தி பகிடிக்கு அனுப்பிய படத்தில் அந்தச் சிவப்பு இலாஸ்ரிக்கைப் பார்த்தாளாம். தன் தலைமயிருக்குக் கட்டுகிற இலாஸ்ரிக்கைத்தான் வீட்டுக்கார அன்ரி கேட்டு வாங்கிப் பேணிக்குப் போட்டவராம்.

"உள்ளுக்க என்ன இருந்தது? சொல்லும் பாப்பம்."

அவள் சத்தம் இல்லாமல் சொன்னாள்: "ஒரு தாலிக்கொடி இருந்திருக்க வேணும், அன்ரி. நான் ஒரு நாளும் கண்ணால கண்டதில்லை. ஆனா நான்தான் எடுத்தனான் எண்டு சொல்லுகினம்."

முகத்தைக் கல்லாக வைத்திருப்பது அன்றுதான் எனக்கு ஏலாமல் போனது.

வீட்டுக்காரி இந்திராணி, கணவர் சிவம். செவ்வாய்க்கிழமை ஒரு கலியாண வீட்டுக்குக் கொடியைப் போட்டுக்கொண்டு போகப் பேணியைத் தேடினால் பேணியே இல்லை. வீட்டில் இருப்பது மூன்று பேர். "நான் அடுப்படிப் பக்கமே போறேல்லை" என்று சிவம் சத்தியம் செய்திருக்கிறார். பிறகு மிச்சம் யார்? சனிக்கிழமைக்குள் அறையை விடு என்று இந்திராணி சொல்லிவிட்டார். அதோடு நிற்காமல், 'வீட்டில் வைத்துச் சோறு போட்ட பிள்ளை கையை வைத்துவிட்டது, கவனமாய் இருங்கள்' என்று தங்கள் பெண்கள் குறூப்பில் பெயரோடு போட்டுவிட்டார். இவள் கணக்குச் சொல்லிக்கொடுத்த இரண்டு வீடுகளும் இனி வரவேண்டாம் என்றன.

"ரூம் போனாலும் பரவாயில்லை, அன்ரி. ஊரில அம்மாவுக்கும் ஆரோ அதை அனுப்பிப்போட்டினம்" என்றாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பெட்டகத்தைத் திறந்து கொடியை அவள் கையில் கொடுத்து, "கொண்டுபோய் அவளின்ர முகத்துக்கு நேர எறி" என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அதைக் கொண்டுபோனால் என்ன சொல்வார்கள்? களவெடுத்தவளே திரும்பக் கொண்டுவந்தாள் என்பார்கள்.

"பேணி இஞ்ச இருக்கு எண்டு மட்டும் சொல்லும். நாளைக்கு அவை ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாரும். ரெண்டு பேரும் வரவேணும்."

6. எந்த பஸ்?

வெள்ளிக்கிழமை வந்தார்கள். இந்திராணி முன்னால்; சிவம் தொப்பியைக் கையில் சுருட்டியபடி பின்னால்; பெட்டை கதவடியில். கவுண்டரில் வேறு ஆட்களும் நின்றார்கள்.

உள்ளே என்ன என்று கேட்டேன். இந்திராணி மூச்சு விடாமல் சொன்னார்: "தாலிக்கொடி. பிள்ளையார் தாலி. ரெண்டு சேப்டி பின், ஒண்டு வளைஞ்சது." சரியாக இருந்தது. நான் இங்கிலீசில் சொல்ல, டெரிக் தலையை ஆட்டினார்.

"எந்த பஸ்? எங்க விட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸோ? நான் ஏன் பஸ்ஸில கொண்டு போறன்? உவள்தான் எடுத்துக்கொண்டு போய், பயத்தில விட்டிட்டு வந்திருப்பாள். அவளையே கேளுங்கோ!"

கவுண்டரே திரும்பிக் கதவடியைப் பார்த்தது. கீர்த்திகா நிலத்தைப் பார்க்கவில்லை. நேரே என்னைத்தான் பார்த்தாள். "எனக்குத் தெரியாது, அன்ரி. நான் எடுக்கேல்லை" என்றாள்.

நான் கையில் இருந்த டிரைவரின் கடதாசியை மடித்தேன். "அப்பிடியெண்டா தர ஏலாது, அக்கா. பஸ்ஸில விட்ட ஆள் வந்து இடத்தைச் சொல்லவேணும். இல்லாட்டித் திங்கட்கிழமை பெரிய ஸ்ரோருக்குப் போகும். நீங்கள் பொலிசிலயும் சொல்லலாம். அவை கமராவைப் போட்டு, ஆர் கொண்டு ஏறினது எண்டு பாப்பினம்."

கமரா என்ற சொல் சிவத்தின் மேல் வேலை செய்தது. மொட்டை மண்டையில் வியர்வை துளிர்த்தது. தொப்பியால் துடைத்தார். பிறகு கவுண்டருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "மேல் தட்டு. முன் சீற். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்."

பேணி கிடைத்த இடம் என்று டிரைவர் எழுதிக் கொடுத்ததும் அதேதான்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் இந்திராணி.

"நான்தான் விட்டனான்."

கதை வழுக்கி வழுக்கி வெளியே வந்தது. வால்தம்ஸ்டோவில் ஒரு சிநேகிதன் வீட்டில் காட்ஸ் விளையாட்டு. அங்கே போகக்கூடாது என்பது இந்திராணியின் சட்டம். அன்று ஆட்டிறைச்சிக் கறி. தூள் கொண்டுவருவது சிவத்தின் பங்கு. ஒரு பேணி குறைந்தால் மனுசி கவனிக்காது என்று நினைத்திருக்கிறார். உள்ளே பொன் இருந்தது என்று பிறகு தெரிந்தபோது வாய் கட்டிப்போய்விட்டது.

"நாலு நாளா அந்தப் பிள்ளை அழுதது உங்கட கண்ணுக்குத் தெரியேல்லையோ?" என்று இந்திராணி கேட்டார்.

நான் சைகை காட்ட, டெரிக் கொடியைக் கொண்டுவந்து வைத்தார். இந்திராணி அதைத் தொடவில்லை. கதவடிக்குப் போய், பெட்டையின் இரண்டு கையையும் பிடித்தார். "என்னை மன்னிச்சுக்கொள், பிள்ளை. நான் பெரிய பாவம் செய்துபோட்டன். வீட்டை வா."

கீர்த்திகா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"இஞ்ச சொன்னது எனக்குக் காணாது, அன்ரி. அந்தக் குறூப்பில சொல்லுங்கோ. என்ர பேரையும் சொல்லுங்கோ. இப்பவே."

இந்திராணி ஃபோனை எடுத்தார். எழுதக் கை வரவில்லை, குரலாகப் பதிந்தார். தன் பெயர், அவள் பெயர், கறித்தூள், பஸ், தன் புருசன் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "பிழை முழுக்க எங்களில, கீர்த்திகாவில ஒண்டும் இல்லை" என்று முடித்து, ஃபோனைச் சிவத்திடம் நீட்டினார். "நீங்களும் சொல்லுங்கோ." அவரும் சொன்னார்.

ஃபோன் கிணுகிணு என்று அடிக்கத் தொடங்கியது. தமிழ் ஒரு சொல்லும் விளங்காத டெரிக், வென்றது யார் என்று மட்டும் விளங்கி, கைதட்டினார். வரிசையில் நின்றவர்களும் காரணம் தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள். கதவடியில் நின்ற பெட்டை தன் ஃபோனில் அந்தக் குரலைத் தாய்க்கு அனுப்பினாள். உடனே ஊரில் இருந்து அழைப்பு வந்தது. "அம்மா, கேட்டனீங்களோ?" என்று சொன்னவள் அப்போதுதான் அழுதாள். அறையை விடவில்லை. கணக்குப் படித்த பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள். அந்த இரண்டு வீட்டையும் இந்திராணியே போய்ப் பார்த்துப் பேசினார்.

இன்று நான் ஓய்வில் இருக்கிறேன். கவுண்டரில் புதிதாக நிற்கும் பிள்ளைகள் என்னிடம் தொழில் கேட்பார்கள். அவர்களுக்கும், ஒரு நாளைக்கு நூறு செய்தி தள்ளிவிடுகிற உங்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். தொலைந்த பொருளை யாராவது ஒருவர் எடுத்து வைத்திருப்பார். தொலைந்த நல்ல பேரை அப்படி ஒருவரும் எடுத்து வைப்பதில்லை. மற்றவரின் பேரைத் தொலைத்தவர்தான், தொலைத்த அதே இடத்தில், அதை எல்லாரும் கேட்கத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.